தூளிக் கொக்கியில் ஒரு சைக்கிள்

ஓட்டாத நேரத்தில் சைக்கிளை எங்கே வைப்பது என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் யாராவது என்னைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இதெல்லாம் ஒரு கேள்வியா? சுவரில் சாய்த்து வை, பூட்டைப் போடு, போய்ப் படு. அவ்வளவுதானே! இப்போது யாராவது அப்படிப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. ஷைனி என்கிற பெண் தன் சைக்கிளுக்கு ஓர் இடம் கண்டுபிடித்தபோது, அது கூடாது என்று எங்கள் வரிசையே அவள் வாசலில் வந்து நின்றது. அத்தனை பேரையும் அங்கே கூட்டி வந்து விட்டவள் நான்தான். அதனால் இதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

என் பெயர் மெஹர்னிசா. பிறந்தது பழவேற்காடு. வீட்டுக்காரர் சஹாபுதீன் கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறார். நாங்கள் இருப்பது ராஜமாணிக்கம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீட்டில். ஆறு வீடு, ஒரே கூரை, ஒரே குழாய். பின்பக்கம் இரும்பு உருக்குகிற ஆலை. காலையில் வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் சாயந்திரம் அதை வெள்ளை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தத் தூசிக்குப் பயந்தே ஆறில் இரண்டு வீடு எப்போதும் பூட்டிக் கிடக்கும்.

ஷைனி என் பக்கத்து வீடு. முப்பத்தோரு வயசு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் விளக்கு செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. புருஷன் ராபின் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ராபினின் அம்மா குப்பம்மாள் கூடவே இருக்கிறார். நல்ல மனுஷி, ஆனால் வாய் ஒரு நிமிஷம் ஓயாது. என் வாய் மட்டும் ஓய்ந்ததா என்று கேட்காதீர்கள்.

ஷைனிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் தங்கவில்லை. இரண்டாவது ஏழு மாசத்தில் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் ஒரு மாசம் வாசல் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருஷம்தான் கான்ட்ராக்ட் பெண்களுக்கு வேனில் இடமில்லை என்று கம்பெனி இறக்கிவிட்டது. மற்றவர்கள் ஷேர் ஆட்டோவுக்குப் போனார்கள். இவள் தீபாவளி போனஸை எடுத்துக்கொண்டு போய் மலை ஏறுகிற சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தாள். பருத்த டயர், முன்னால் ஸ்பிரிங், இருபத்தோரு கியர்.

“கவரைப்பேட்டையில ஏதுடி மல?” என்று கேட்டேன்.

“ரோட்டப் பாத்தியாக்கா? அது மலதான்” என்றாள்.

பொய் இல்லை. டிரெய்லர் லாரிகள் தோண்டி வைத்திருக்கிற பள்ளத்தில் ஆடு விழுந்தால் ஏற முடியாது. ஷைனி மெயின் ரோட்டை விட்டு ஏரிக்கரை மேலேயே போவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் சுடிதார் கால்களைக் கிளிப் போட்டு இறுக்கிக்கொண்டு சத்தியவேடு தாண்டி நாகலாபுரம் மலைப் பக்கம் போய்விடுவாள். இருட்டுவதற்குள் திரும்பி வருவாள். முகமெல்லாம் புழுதியும் பல்லுமாக இருக்கும். “அத மிதிச்சாத்தான் அக்கா எனக்குத் தூக்கம் வருது” என்று ஒருநாள் குழாயடியில் சொன்னாள்.

பிரச்சினை, அதை வைக்கிற இடம். முதலில் மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். ஒரே வாரத்தில் செயின் பழுப்பாகிவிட்டது. ஒரு பக்கம் ஆலைத் தூசி, இன்னொரு பக்கம் கடலிலிருந்து வருகிற உப்புக் காற்று. செயினில் எண்ணெய் போட்டால் அந்த எண்ணெயில் தூசி ஒட்டிக் கறுப்புக் களிம்பாகிவிடும், பல்சக்கரத்தையே தேய்த்துவிடும். தார்ப்பாய் போட்டு மூடினாள். உள்ளே வேர்த்து இன்னும் மோசமானது. வெயில் படுகிற பக்கம் டயரில் கீறல் கீறலாக வெடிப்பு விட்டது. ஒருநாள் ராஜமாணிக்கம் தன் மோட்டார் சைக்கிளை இடித்து நிறுத்தியதில் இது வலது பக்கமாகச் சாய்ந்து கியர் தொங்குகிற கொக்கி வளைந்துபோனது. கும்மிடிப்பூண்டி கடைக்காரர் நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, “வலது பக்கம் சாயவே கூடாதும்மா, உயிரு அந்தப் பக்கந்தான் கீது” என்றாராம். இவள் அதை வந்து ராஜமாணிக்கத்திடம் சொன்னாள். “எங்க நிறுத்தறதுன்னு ஓனருக்கே க்ளாஸ் எடுக்கிறியா?” என்று அவர் கேட்டார்.

பிறகு வீட்டுக்குள் கொண்டுபோனாள். வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையல் மூலை. கட்டில், பீரோ, குப்பம்மாளின் பாய் போக மிச்சம் இருப்பது ஓர் ஆள் நடக்கிற சந்து. இரண்டாவது நாளே குப்பம்மாளின் முழங்காலைப் பெடல் பதம் பார்த்தது. அன்றைக்கு அவர் போட்ட சத்தம் ரயிலை நிறுத்தியிருக்கும். சுவரில் இரும்புக் கை அடித்து மாட்டலாம் என்றால் சுவர் ஆணி ஏற்காது. அடித்த இடத்தில் பொலபொலவென்று மாவு கொட்டும். அதோடு, ஆணி அடிக்கக் கூடாது என்பது ஓனரின் சட்டம்.

அந்த வீட்டில் பாரம் தாங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூரையில் கான்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிய இரும்புக் கொக்கி. ஆறு வீட்டிலும் உண்டு. எதற்கென்று சொல்லத் தேவையில்லை, தூளி கட்ட. என் வீட்டுக் கொக்கியில் மூன்று பிள்ளைகள் ஆடி இறங்கியாயிற்று. ஷைனி வீட்டுக் கொக்கியில் குப்பம்மாள் மாதா கோயிலில் மந்திரித்து வாங்கி வந்த சின்ன மரத்தொட்டில் ஒன்று, உள்ளங்கை அளவு, மஞ்சள் துணியில் கட்டித் தொங்கியது. அதற்குக் கீழேதான் அவர் பாய் போடுவார். படுக்குமுன் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார்.

சித்திரையில் குப்பம்மாள் திருவாலங்காட்டில் இருக்கிற மகள் வீட்டுக்குப் பத்து நாள் போனார். நானும் ஒரு நிக்காஹுக்காகப் பழவேற்காடு போய் மூன்று நாள் தங்கிவிட்டேன். அந்த இடைவெளியில் ஷைனி ஸ்டூல் போட்டு ஏறி மரத்தொட்டிலை அவிழ்த்துப் பீரோவில் வைத்தாள். கொக்கியில் அரிசி மூட்டையைக் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டுச் சோதித்தாள். பிறகு கனத்த கயிற்றில் இரண்டு வளையம் போட்டு, ஒன்றை ஹேண்டில்பாரிலும் இன்னொன்றை சீட்டிலும் மாட்டி, சைக்கிளைக் கூரையோடு ஒட்டித் தூக்கிக் கட்டினாள். ஏற்ற இறக்க இரண்டு பேர் வேண்டும். அவள் முன் சக்கரம், ராபின் பின் சக்கரம். மாட்டுவதற்கு முன் உலர்ந்த துணியால் செயினைத் துடைக்க வேண்டும், கியரைச் சின்ன பல்லுக்கு இறக்கிக் கம்பியைத் தளர்த்த வேண்டும். எல்லாம் ஒழுங்கு. எண்ணெய் சொட்டினால் மாமியார் தலையில் விழுமே என்று சைக்கிளுக்கு அடியில் ஒரு பழைய வாயில் புடவையை விரித்து, சைக்கிள் முழுக்க உள்ளே அடங்கும்படி இரண்டு முனையையும் தூக்கிக் கொக்கியிலேயே முடிந்துவிட்டாள். அது குப்பம்மாள் பேரப்பிள்ளைக்கென்று டிரங்குப் பெட்டியில் எடுத்து வைத்திருந்த புடவை. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போனது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஊரிலிருந்து திரும்பிய மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, கொடியில் துணி போடப் போனவள் அவர்கள் ஜன்னல் திரை விலகியிருந்த இடத்தில் என்ன பார்த்தேன்? கொக்கியிலிருந்து புடவை, கனமாகத் தொங்குகிறது. ஃபேன் காற்றில் மெல்ல ஆடுகிறது. ஷைனி பக்கத்தில் நின்று அதன் மேல் கை வைத்து ஆட்டத்தை நிறுத்துகிறாள்.

யா அல்லாஹ்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. தத்து எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எழுதிக் கொடுத்துக் காத்திருக்கலாமே என்று குப்பம்மாள் போன வருஷமே சொல்லிக்கொண்டிருந்தார். சரி, கண் பட்டுவிடும் என்று மறைத்து வைத்திருக்கிறார்கள், கூப்பிடாமல் பச்சைக் குழந்தையை எட்டிப் பார்க்கக் கூடாது என்று நல்ல பிள்ளையாக என் வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனை எடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இந்த நுணல் அடுத்த வீட்டையும் சேர்த்துக் கெடுத்தது.

“குப்பம்மா அம்மா! இன்னா இப்படி மூடி வெச்சிக்கினு கீறீங்க? உங்க ஊட்டுல தூளி தொங்குது!”

“நெசமாவா மெகரு? எங்கண்ணால பாக்கணுமே, நான் வந்துடறேன்” என்றார். அவருக்கே தெரியாதா என்று எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஓனர் வீட்டம்மா குணசுந்தரியிடமும் சொன்னேன். அவளிடம் சொன்னால் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் மைக் போட்டுச் சொன்ன மாதிரி.

சாயந்திரம் நாலு மணிக்குக் குப்பம்மாள் வந்து இறங்கினார். வேர்த்துக் கொட்டுகிறது, கையில் பை. ஷைனி அன்று லீவு போட்டிருந்தாள். ராபினுக்கு அன்றிலிருந்து ராத்திரி ஷிப்டு, அதனால் அவனும் வீட்டில் இருந்தான். வாசலில் நான், சர்க்கரைக் கிண்ணத்தோடு குணசுந்தரி, அவள் பின்னால் ராஜமாணிக்கம், மற்ற வீட்டுப் பெண்கள்.

“தூங்குதா?” என்று குரலை இறக்கிக் கேட்டுக்கொண்டே குப்பம்மாள் உள்ளே போனார்.

“அத்த, இன்னா திடீர்னு? யாரு தூங்குதா?” என்று ஷைனி எழுந்தாள்.

அவர் காதில் வாங்கவில்லை. எம்பி நின்று புடவை மடிப்புக்குள் கையை விட்டார். கை டயரில் பட்டது. பிறகு துணியை விலக்கிப் பார்த்தார். பை கையிலிருந்து நழுவி விழுந்தது. வசம்பு வளையல், பால் சங்கு, ஒரு கிலுகிலுப்பை. வழியில் எங்கேயோ இறங்கி வாங்கியிருக்கிறார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் போதும் என்று இருந்தது.

குணசுந்தரிதான் முதலில் சிரித்தாள். “இன்னாடி இது, கொழந்தைக்கு ரெண்டு சக்கரம் கீது!”

இரண்டு பேர் அவளோடு சிரித்தார்கள். ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை, உள்ளே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “ஏம்மா, தூளி கட்டத்தான் நான் கொக்கி போட்டு வுட்டேன். இத மாட்டவா? ஊட்டுக்கே தரித்திரம். இப்பவே எறக்கு. பழையபடி வெளியில போடு. முடியாதுன்னா ஊட்டக் காலி பண்ணு.”

வெளியே போட்டால் இன்னொரு மழைக்காலம் அந்த சைக்கிள் தாங்காது. சைக்கிள் போனால் ஏரிக்கரை போச்சு, மலை போச்சு, அவள் தூக்கமும் போச்சு. அது எனக்குத் தெரியும். ராபின் “சார், கொஞ்சம் பொறுங்க” என்று தரையைப் பார்த்துக்கொண்டு முனகினான்.

அப்போது குப்பம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனாலும் அவர் மூடப் பார்த்தார். “இன்னா இப்போ? எடம் இல்லன்னு மாட்டி வெச்சிக்கினு கீறா. கொழந்த பொறந்தா அவளே எறக்கிடப் போறா. அதுவரிக்கும் தொங்கட்டும். இன்னாம்மா ஷைனி?”

எல்லாருக்கும் மூச்சு வந்தது. நல்ல வழி. ராஜமாணிக்கம்கூட, “அப்படின்னா சரி” என்கிற மாதிரி தலையை ஆட்டினார். ஷைனி ஒரு ‘உம்’ கொட்டியிருந்தால் போதும். சைக்கிளும் தொங்கியிருக்கும், மானமும் காப்பாற்றப்பட்டிருக்கும். சொல்லித் தொலையேன்டி என்று என் மனசு அடித்துக்கொண்டது.

“எறக்க மாட்டேன் அத்த” என்றாள்.

“இன்னாது?”

“பொய் சொல்லி மாட்டி வெக்க எனக்கு இஷ்டமில்ல. கொழந்த வராது. வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். டாக்டரம்மா இன்னொரு தபா பாக்கலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். ஏழு மாசத்துப் புள்ளைய துணியில சுத்திக் குடுத்தாங்களே, அத வாங்குனது இந்தக் கைதான். இன்னொரு தபா இந்தக் கைய நீட்ட மாட்டேன். கொக்கி என் ஊட்டுல கீது, அதுல இன்னா தொங்கணும்னு நான் சொல்றேன். சைக்கிள் தொங்கும்.”

கத்திச் சொல்லவில்லை. கம்பெனியில் விளக்கைத் திருப்பிப் பார்த்து ‘ரிஜெக்ட்’ என்று வைப்பாளே, அந்தக் குரல். சர்க்கரைக் கிண்ணத்தைக் குணசுந்தரி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ராஜமாணிக்கம் ராபின் பக்கம் திரும்பினார். “யோவ், நீ ஆம்பளதானே? நீ சொல்லுய்யா.”

ராபின் தலையைத் தூக்கினான். “அவ சொன்னதுதான் சார். ரெண்டு பேரும் சேந்துதான் முடிவு பண்ணோம்.”

“அப்ப மாசக் கடைசியில காலி பண்ணிக்கோங்க.”

என்னால் வந்த வினை, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. “இவங்க காலி பண்ணா நானும் காலி பண்றேன் ஓனரே” என்றேன். “ரெண்டு ஊடு ரெண்டு வருஷமா பூட்டிக் கெடக்குது. இப்ப நாலாவும். ஆலத் தூசியத் துன்னுக்கினு இங்க குடியிருக்க எங்கனா ஆள் கெடச்சா கூட்டினு வாங்க. தரித்திரமாம், தரித்திரம்! கொக்கியில சைக்கிள் தொங்கினா தரித்திரம், ஒரு பொம்பள வயித்த ஊரே எட்டிப் பாத்தா லட்சுமியா? போங்கய்யா, போய் வேலையப் பாருங்க! எட்டிப் பாத்ததுல மொத ஆளு நான்தான். என்ன மொதல்ல செருப்பால அடிக்கணும்.”

சஹாபுதீன் கடையிலிருந்து வந்ததும் “யாரக் கேட்டு ஊட்டக் காலி பண்றேன்ன?” என்று ஒரு பாட்டு பாடினார். அது தனிக் கதை. ராஜமாணிக்கம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். மாசக் கடைசி வந்தது, போனது. அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

கூட்டம் கலைந்தது. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாசலிலேயே நின்றேன். குப்பம்மாள் தரையில் உட்கார்ந்து, விழுந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கிலுகிலுப்பை சத்தம் போடாமலிருக்க அதை இறுக்கிப் பிடித்துப் போட்டார்.

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?” என்று கேட்டார்.

ஷைனி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “சொன்னா நீங்க அழுவீங்க அத்த. நீங்க அழுதா நான் மனச மாத்திக்குவேன். அந்தப் பயத்துலதான் சொல்லல.”

குப்பம்மாள் பையின் வாயைச் சுருட்டி முடிந்தார். நான் மன்னிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று அவர் சாப்பிடவில்லை என்று ராபின் வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னான்.

மறுநாள் விடிகாலை அஞ்சு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. ஷைனிக்கு ஆறு மணி ஷிப்டு. ராபின் இல்லையே, ஒற்றை ஆளாக எப்படி இறக்குவாள் என்று யோசித்தேன். முதல் நாள் செய்த பாவத்துக்கு ஒரு சக்கரமாவது பிடித்துக் கொடுப்போம் என்று துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். கதவு திறந்திருந்தது.

ஸ்டூல் மேல் நின்று ஷைனி ஹேண்டில்பார் வளையத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கீழே குப்பம்மாள் இரண்டு கையையும் உயர்த்திப் பின் சக்கரத்தைத் தாங்கி நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்துவரை ஓடுகிறது, துடைக்கக் கை ஒழியவில்லை. ஷைனி அதைப் பார்த்துவிட்டாள். வளையத்தில் வைத்த கை நின்றுவிட்டது.

“இன்னாடி பாக்கற?” என்றார் குப்பம்மாள். “நான் அழுவத்தான் செய்வேன். இன்னிக்கி அழுவேன், நாளிக்கும் அழுவேன். அதுக்காவ நீ மனச மாத்திக்காத. எறக்கு, ஷிப்டுக்கு நேரமாவுது.”